பால் காய்ச்சிய கூடாரம்

கிள்ளானில் எங்கள் பிளாட்டின் நான்காவது மாடியில், எனக்கு அடுத்த வீட்டுக்காரி வாணி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். விடியற்காலை ஐந்தரைக்கு அவள் வேன் கிளம்பும் சத்தம் கேட்டுத்தான் நான் சாமி விளக்கு ஏற்றுவேன், கடிகாரம் பார்ப்பதில்லை. ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரியது. வழியை மறைத்து லோரி நிறுத்துகிறவர்கள் அவள் ஹாரன் அடிப்பதற்குள் குரலுக்கே நகர்ந்துவிடுவார்கள். அவள் புருஷன் ராஜன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். பிள்ளைகள் இரண்டு. ரிஷிக்கு ஒன்பது வயது, தாமரைக்கு ஆறு.

லீவு முடிந்தால் வேனில் பிள்ளைகளுக்கு ஒரே பேச்சுதான், யார் யார் எங்கே போனோம் என்று. போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் ரிஷி, நாங்கள் காட்டில் டென்டு போட்டுப் படுக்கப் போகிறோம் என்று வேன் முழுக்கச் சொல்லிவிட்டான். ராஜனுக்கு லீவு கிடைக்கவில்லை. போகவில்லை. அன்றைக்கு விழுந்த பேர் 'டென்டு ராஜா'. டென்டு ராஜா ஏறிட்டாரா, டென்டு ராஜாவுக்கு இடம் விடுங்க என்று தினமும் கேலி. ஓட்டுகிறவள் காதில் அத்தனையும் விழும். அதட்டினால் மறுநாள் இரண்டு மடங்காகும் என்று வாயைக் கட்டிக்கொண்டு ஓட்டுவாள்.

இந்த வருஷமும் ராஜன் தீபாவளிக்கு இரண்டு நாள் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவர் பஸ் ஏறின அன்று சாயங்காலமே வாணி என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, நான் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறேன். பதினெட்டுப் பிள்ளைங்கள ஏத்தி வேன் ஓட்டறவ, ஒரு டென்டு போட மாட்டனா? நீங்களும் வாங்க."

"கந்த சஷ்டி லா வாணி. ஆறு நாளும் எனக்குப் பாலும் பழமும்தான்."

"காட்டுல பால் குடிக்கக் கூடாதுன்னு முருகன் சொன்னாரா?"

சரி என்றேன்.

கம்போங் மேடானில் ஒருவரிடம் பழைய கூடாரம் ஒன்று பிடித்தாள். எப்படிப் போடுவது என்று பழகிப் பார்க்க, வீட்டு ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு அதைப் போட்டார்கள். ஹால் பத்தவில்லை, பாதிக் கூடாரம் அடுப்படிக்குள் போய்விட்டது. இரண்டு நாள் பிள்ளைகள் அதற்குள்தான் சாப்பிட்டார்கள், அதற்குள்தான் சண்டை போட்டார்கள். வாணி தோசை சுட வேண்டுமென்றால் அதற்குள் புகுந்துதான் போக வேண்டும்.

சனிக்கிழமை காலையில் வேன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டிக் கிளம்பினோம். ரவாங் தாண்டி உலு யாம் பக்கம். வழி முழுக்கத் தாமரை ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, இது காடா, இது காடா என்று ஒவ்வொரு மரத்துக்கும் கேட்டாள். ரிஷி பேசவே இல்லை. கூடாரப் பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். பாதி வழியில் ஒரே ஒரு தடவை, எஞ்சின் சத்தம் சரியாக இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டான். இந்தத் தடவையும் பயணம் நின்று போனால் வேனில் அவன் தலை காட்ட முடியாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. முருகா, இந்தப் பிள்ளைக்கு இந்த ஒரு ராத்திரியைக் கொடுத்துவிடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்ததும் வாணி முதலில் ஆறு எவ்வளவு தூரம், மழை வந்தால் ஏறுமா என்று விசாரித்தாள். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக் என்று கூப்பிட்டோம், ஆறு நன்றாகக் கீழே இருக்கிறது, பயம் வேண்டாம் என்றார். மேட்டில் புல் தரை. பின்னால் சின்னக் குன்று. கம்பிகளை மாட்டி, துணியை இழுத்து, கூடாரம் மெல்ல எழுந்து நின்றபோது தாமரை கைதட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

வாசல் எந்தப் பக்கம் என்று வாணி என்னைக் கேட்டாள். இதில் என்ன கேள்வி, கிழக்குதான் என்றேன். கிழக்கில்தான் அந்தக் குன்று. பாக்சிக் பார்த்துவிட்டு, மழை பெய்தால் தண்ணீர் அந்தச் சரிவில்தான் இறங்கும், வாசலை இந்தப் பக்கம் திருப்புங்கள் என்று மலாயில் நல்லபடியாகத்தான் சொன்னார். ஒரு ராத்திரிதானே பாக்சிக் என்று நான்தான் சிரித்து மழுப்பினேன்.

புது வீடு மாதிரி ஆகிவிட்டதே, அதனால் கேஸ் அடுப்பை வாசலில் வைத்துப் பால் காய்ச்சினோம். பால் பொங்கி வழிந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பிள்ளைகள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்கள். பாக்சிக்குக்கும் ஒரு கப் பால், ஒரு பிடி முறுக்கு கொடுத்தோம். டென்டுக்கு இவ்வளவு விசேஷம் செய்கிற ஆட்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வானம் கறுத்தது. ஐப்பசி மழை, சொல்லிவிட்டா வரும்? கொட்டோ கொட்டென்று கொட்டியது. குன்றிலிருந்து தண்ணீர் நேராக எங்கள் கிழக்கு வாசலுக்குத்தான் வந்தது, அழைப்பு வைத்த விருந்தாளி மாதிரி. பாய் நனைந்து, தலையணை நனைந்து, தாமரையின் ஒரு செருப்பு உள்ளேயே மிதந்தது. அவள் அதைக் கப்பல் என்று சொல்லிச் சிரித்தாள்.

வாணி சிரிக்கவில்லை. சாமான்களை அள்ளி வேனில் போட்டாள். எல்லாரும் வேனில் ஏறுங்க, உள்ளேயே படுத்துக்கலாம், விடிஞ்சதும் வீடு என்றாள். தாமரையும் நானும் ஏறிக்கொண்டோம். ரிஷி ஏறவில்லை. மழையில் நின்று கூடாரத்தின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். வாணி மூன்று தரம் கூப்பிட்டாள்.

"வேன்ல படுத்தா கணக்குல சேராதும்மா," என்றான். அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

வாணி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கிழக்கு வாசல் வைத்தது நான், பால் காய்ச்ச வைத்ததும் நான். என்னைத் தாண்டி அவள் ஒன்றும் செய்ய மாட்டாள்.

"அக்கா, வாசலைத் திருப்பினா தப்பா?"

விரத நாளாயிற்றே என்று ஒரு பக்கம். அந்தப் பிள்ளை கம்பியை விடாமல் மழையில் நிற்கிறது ஒரு பக்கம்.

"மலை மேல நிக்கறவருக்கு எல்லாத் திசையும் வாசல்தான்," என்றேன். "இறங்கு, தூக்கலாம்."

முளைகளைப் பிடுங்கினோம். பாக்சிக்கும் ஓடி வந்தார். ஆளுக்கு ஒரு மூலை, நாலு மூலைக்கும் நாலு பேர். தாமரை மட்டும் முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தாள். கொட்டுகிற மழையில், சாமி பல்லக்கைத் தூக்குகிற மாதிரி அந்தக் கூடாரத்தை முழுசாகத் தூக்கிச் சுற்றினோம். என் வாய் தன்னால் வேல் வேல் என்றது. ரிஷியும் வேல் வேல் என்று கத்தினான். வாணியின் பெரிய குரலும் சேர்ந்தது. என்ன ஏது என்று தெரியாமலே பாக்சிக்கும் அந்தத் தாளத்துக்குக் கால் எடுத்து வைத்தார். கொஞ்சம் மேடான இடத்தில் இறக்கி, வாசலை மேற்கே வைத்து முளை அடித்தோம். குன்றுத் தண்ணீர் பின்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு அதன் பாட்டுக்குப் போனது.

மழை விட்டதும் உள்ளே துடைத்து, வேனில் இருந்த காய்ந்த போர்வைகளை விரித்தோம். அப்போது தாமரைக்கு ஒரு சந்தேகம். வீடு மாறியாச்சே பெரியம்மா, மறுபடியும் பால் காய்ச்ச வேணாமா என்று கேட்டாள். மீதி இருந்தது என் விரதத்துக்கு வைத்திருந்த ஒரு பாக்கெட் பால்தான். அதையே காய்ச்சினேன். பிள்ளைகள் ஊதி ஊதிக் குடித்தார்கள். எனக்கு வாழைப்பழம் போதும், வயிறு ஒன்றும் சொல்லவில்லை. வாணி மேகி போட்டுக்கொண்டே ராஜனுக்கு போன் அடித்து நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எதற்குச் சிரிக்கிறாள் என்று அந்தப் பக்கம் அவருக்குப் புரியவே இல்லை.

நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. இடையில் இரண்டு தடவை கண் விழித்தேன். இரண்டு தடவையும் ரிஷி உட்கார்ந்துதான் இருந்தான், வாசல் ஜிப்பைப் பிடித்தபடி. படுடா கண்ணு என்றேன். தலையை ஆட்டினான், படுக்கவில்லை.

வெளிச்சம் வந்து, தூரத்தில் கோழி கூவியதும் என் தோளைத் தொட்டான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பெரியம்மா, விடிஞ்சிருச்சா? இது முழு ராத்திரிதானே?"

"முழுசா விடிஞ்சிருச்சுடா."

அவ்வளவுதான். அப்படியே சாய்ந்தான். நாங்கள் குளித்து, சாமி கும்பிட்டு, பசியாறி முடித்தும் எழுந்திருக்கவில்லை. பத்து மணிக்குக் கூடாரத்தைப் பிரிக்க வேண்டியதாயிற்று. வாணியும் நானும் கம்பியை உருவி, துணியை அவன் மேலிருந்து மெதுவாக எடுத்து மடித்தோம். திறந்த புல்லில், போர்வை மேல், வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். ஆற்றுக்குக் குளிக்கப் போன ஒரு தமிழர் நின்று, என்னம்மா, பிள்ளைக்கு உடம்புக்கு முடியலையா என்று கேட்டார்.

"இல்லண்ணே, நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்கறான்," என்றாள் வாணி.