எந்த மைதானம் உங்களுக்கு ஆகாது?

நல்ல கால்ஃப் மைதானம் எது என்று சொல்லும் தொழிலில், புல்லைப் பார்ப்பதற்கு முன்னால் ஆடப்போகிறவரின் முழங்காலைப் பார்க்க வேண்டும்.

மலையாளத் தலைநகரின் தம்பானூரில் ஒரு டிராவல்ஸில் கால்ஃப் டெஸ்க்கில் இருந்தவள் நான். சொந்த ஊர் நாகர்கோவில். மட்டையைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் லீவு நாளில் பஸ் பிடித்துப் போய், நாங்கள் ஆள் அனுப்பும் மைதானங்களையெல்லாம் நடந்து பார்த்திருக்கிறேன். எங்கே மூச்சு வாங்கும் ஏற்றம், எங்கே நிழலே கிடையாது, எங்கே மழை பெய்தால் பந்தோடு ஷூவும் சேற்றில் போகும் என்று தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. எங்கள் மேனேஜர் பிஜு சாருக்கு அதுதான் பிடிக்காது. “ரேணுகா, நீ டாக்டர் அல்லல்லோ. கேட்டதை புக் செய்தா மதி, அது போதும். இனி ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தா பஸ் டிக்கெட் கவுண்டர்தான்” என்று மலையாளம் கலந்து கறாராகச் சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் இனத்தாரே, உங்களுக்கு இது புரியும்.

பாதி மைதானம்

திருநெல்வேலி சிமெண்ட் வியாபாரி ஒருவர் வந்தார். பதினெட்டுக் குழி இருந்தால்தான் ஆடுவாராம். இங்கே ஊருக்குள் இருப்பதில் ஒன்பதுதான், வேண்டுமானால் அதையே இரண்டு சுற்று ஆடலாம் என்றேன். “ஒரே படத்த ரெண்டு தடவ பாத்தா ரெண்டு படம் ஆயிருமா?” என்று மடக்கினார். நான் விடவில்லை. “அண்ணாச்சி, இதுக்கு முன்னால எத்தனை குழி ஆடியிருக்கீங்க?” என்று கேட்டேன். இதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் தெரிந்தது.

முறைத்துக்கொண்டே போனார். வெயில் ஏறிய நேரத்தில் மைதானத்திலிருந்து போன் வந்தது. திட்டப்போகிறார் என்று காதைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொண்டேன். “ஒம்பதே கூடுதலா இருக்கும்மா. நாலு குழி மட்டும் உள்ளது எங்கயாவது உண்டா?”

பொன்முடியில் பந்து

ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் புது மட்டைப் பையோடு வந்து, போனில் பொன்முடிப் படத்தைக் காட்டினான். எவ்வளவு பச்சை, இங்கேதான் ஆட வேண்டும் என்றான். பின்னாலிருந்து பிஜு சார், சரி என்று சொல்லு என்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. “தம்பி, அது மைதானம் இல்லை, தேயிலை. உள்ளே ஆட்கள் கொழுந்து பறிச்சிட்டு இருப்பாங்க” என்றேன். அவன் எங்கள் வண்டியிலேயே போனான், இயற்கைக் காட்சி பார்க்க மட்டுமாம்.

மலையேறியதும் கை சும்மா இருக்கவில்லை. ஆளில்லாத சரிவு என்று நினைத்து ரோட்டோரத்திலிருந்து ஒரே ஒரு அடி. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. கொஞ்ச நேரத்தில் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு தொழிலாளி அம்மா ஏறிவந்து, பந்தை அவன் கையில் வைத்தாராம். அவர் சொன்னதை எங்கள் டிரைவர் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். “எங்க செடியில இது காய்க்காது தம்பி. உங்களோடதான்னு பாருங்க.”

முட்டி விசாரணை

கரமனை சேது மாமா பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். மகள் கனடாவிலிருந்து ஒரு வார லீவில் வந்திருந்தாள். அங்கே அவள் கால்ஃப் ஆடுகிறாள். அவளோடு ஒரு நாளாவது சேர்ந்து ஆட வேண்டும் என்று மாமா ரகசியமாகக் கற்றுக்கொண்டிருந்தார். அவள் அசந்துபோகிற மாதிரி மலை மேல் உள்ள பெரிய மைதானம் வேண்டும் என்று என் டெஸ்க்குக்கு வந்து கேட்டார். அவர் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்து, “முட்டியில ஆபரேஷன் ஆச்சா மாமா?” என்று கேட்டேன். ஆகியிருந்தது. அந்த ஏற்றம் உங்களுக்கு ஆகாது, ஊருக்குள்ளேயே விடியற்காலையில் ஆடுங்கள் என்றேன்.

மாமா நேரே பிஜு சாரிடம் போய், “மைதானம் கேட்டா முட்டிய விசாரிக்கறா” என்று புகார் கொடுத்துவிட்டார். சார் மலை மைதானத்தையே புக் செய்து கொடுத்துவிட்டு, என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “நான் மன்னிப்புக் கேட்டா அவர் முட்டி சரியாயிருமா சார்?” என்றேன். சார் குரலை உயர்த்தவே இல்லை. “செரி. நாளை முதல் நீ பஸ் கவுண்டர்ல இருந்தா மதி.”

பஸ் ஜன்னலில் கால்ஃப்

நாலைந்து நாள் கழித்து, நாகர்கோவில் டிக்கெட்டுக்கு நின்ற வரிசையில் சேது மாமாவும் நின்றார், டிக்கெட்டுக்கு அல்ல, என்னைப் பார்க்க. மலை மைதானத்தில் முதல் ஏற்றத்திலேயே கால் மடங்கிவிட்டதாம். மகள் யார் யாரோடோ ஆட, இவர் வராந்தாவில் காபி குடித்துக்கொண்டு அவளைத் தூரத்தில் பார்த்திருக்கிறார். மறுநாள் ராத்திரி அவளுக்கு ஃப்ளைட். மிச்சம் ஒரே ஒரு காலைதான். சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஊர் மைதானம், ஆறு மணி, வலிக்கிறதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் பத்து மணிக்கு அப்பாவும் மகளும் வேர்த்து விறுவிறுத்து என் ஜன்னலுக்கு முன்னால் நின்றார்கள். ஐந்து குழி ஆடினார்களாம், ஒன்றில் மாமா ஜெயித்தாராம். அடுத்த லீவுக்கு எங்கே ஆடலாம் என்று மாமா என்னைக் கேட்கும்போதே பிஜு சார் ஓடிவந்து, கால்ஃப் டெஸ்க் ஏசி ரூமில் இருக்கிறது, அங்கே வாருங்கள் என்று அழைத்தார். மாமா நகரவில்லை. “அங்க கேட்டா எல்லாமே நன்னா இருக்குங்கறா. எது நமக்கு ஆகாதுன்னு சொல்றவ இங்கதான் இருக்கா, கேட்டயா.”

என் நாற்காலியை மாற்றிவிட்டார்கள், வாயை மாற்றுவதற்கான உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை.