நனைந்த பாயும் ஏலகிரி முகாமும்

ஆண்டவரின் அன்பை ருசித்த உங்கள் எல்லோருக்கும், திண்டிவனத்தில் தையல் மெஷின் மிதித்துப் பிழைக்கும் ஞானசுந்தரியின் வணக்கம். பெரிய பெரிய வியாதியிலிருந்து மீண்டவர்கள் சாட்சி சொல்லும் இடத்தில், நான் ஒரு பாய் நனைந்த கதையைச் சொல்லப் போகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன், 1986 ஜனவரியில், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுத உட்காரும் முன் என் மகள் கிரேஸிடம் அனுமதி கேட்டேன். கதை அவளுடையது அல்லவா? "எழுதிக்கோம்மா. ஆனா நீ சொன்ன பொய்யயும் சேத்து எழுதணும்" என்றாள். சரி, அதையும் எழுதுகிறேன்.

அப்போது கிரேஸுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. பகலில் அவள் புலி. ஓட்டப்பந்தயம், பாட்டு, வாய்ப்பேச்சு எல்லாவற்றிலும் முதல். ராத்திரி படுத்தால் பாய் நனைந்துவிடும். வாரத்தில் நான்கு நாளாவது நனையும். ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்காமல் பார்த்தேன். நடு ராத்திரியில் எழுப்பியும் பார்த்தேன். எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுத்தேன். விழுப்புரத்தில் டாக்டரிடமும் காட்டினேன். வயசு வந்தால் சரியாகிவிடும் என்றார். எந்த வயசு என்று அவர் சொல்லவில்லை. இரண்டு முறை பிள்ளையை அடித்தும் இருக்கிறேன். அதை மறைத்து நல்ல தாயாக வேஷம் போட எனக்கு மனசில்லை.

நாங்கள் இருந்தது ஐந்து குடித்தனத்துக்கு ஒரே கிணறு உள்ள வரிசை வீடு. மற்றவர்கள் எழுந்திருப்பதற்குள் போர்வையை அலசிப் போட்டுவிடுவேன். அப்படியும் பக்கத்து வீட்டு செல்வி ஒருநாள் விடவில்லை.

"இன்னாக்கா, தெனமும் போர்வ தோச்சிக்கினே கீற?"

"மெஷின் எண்ண கொட்டிடுச்சும்மா."

நான் கொட்டியதாகச் சொன்ன எண்ணெயை வைத்து ஒரு கடையே திறந்திருக்கலாம்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தபோது கிரேஸ் ஒரு தாளோடு ஓடி வந்தாள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்களை ஏலகிரி மலைக்கு முகாம் கூட்டிப்போகிறார்களாம். நான்கு ராத்திரி அங்கேயே தங்கல். ஆளுக்கு எழுபத்தைந்து ரூபாய். தாளின் கீழ்ப்பாதி சம்மதச் சீட்டு. பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். கிரேஸ் அதில் தன் பெயர், வகுப்பு, அப்பா பெயர் எல்லாவற்றையும் வழியிலேயே முத்து முத்தாக எழுதி முடித்திருந்தாள். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

பணம் இருந்தது. கிறிஸ்துமஸ் தையலில் நாலு காசு சேர்ந்து, என் வேதப் புத்தகத்துக்குள் நோட்டாகவே இருந்தது. இல்லாதது தைரியம். மலையில், அந்தக் குளிரில், நாற்பது பெண் பிள்ளைகளுக்கு நடுவில் என் பிள்ளை நனைந்து எழுந்து நிற்பதை நினைத்தாலே கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் தேவராஜுக்கு விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் வேலை. காலை பாசஞ்சரில் போய் ராத்திரி திரும்புவார். மறுநாள் காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே தீர்ப்புச் சொன்னார்.

"அனுப்பு சுந்தரி. நனைஞ்சா நனையட்டும். மலை இன்னா கரஞ்சா பூடும்?"

"உங்களுக்கு இன்னா, சொல்லிட்டு ரயிலேறிடுவீங்க. பட்டப்பேரு வெச்சிடுவாளுங்க. அப்பால அது ஸ்கூலு பக்கமே போவாது."

"அப்ப உன் இஷ்டம். எனக்கு ரயிலு வந்துடும்" என்று கிளம்பிவிட்டார். எப்போதும் அந்த ரயில் அவருக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் வரும்.

அன்று சாயங்காலம் கிரேஸிடம் சொன்னேன்: "காசு இல்லடி கண்ணு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அதுதான் அந்தப் பொய். அவள் அழவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சீட்டை வேதப் புத்தகத்துக்குள் அந்தப் பணத்தோடு செருகி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தலை பின்னும்போது அவளே பேச்செடுத்தாள். "டீச்சர்கிட்ட கேட்டேம்மா. காசு மெதுவா கட்டலாமாம்."

"காசு கெடச்சாலும் அங்க போயி ராத்திரில இன்னாடி பண்ணுவ?"

"நாலு ராத்திரியும் தூங்காம இருந்துடுவேம்மா. ரெண்டு நாளா பழகிக்கினுதான் கீறேன். நேத்து பன்னெண்டு மணி ரயிலு சத்தம் கேக்கற வரைக்கும் முழிச்சிக்கினு இருந்தேன்."

முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. அவள் பள்ளிக்குப் போன பிறகு மெஷின் மேல் தலையை வைத்து அழுதேன். அன்று வெட்டிய ஜாக்கெட்டில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். இருபது வருஷத் தையலில் அந்தத் தப்பு நான் செய்ததே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் சபையில் பெண்களின் உபவாச ஜெபம். அங்கே பழைய பிஸ்கட் டின்னின் மூடியில் ஓட்டை போட்டு ஒரு விண்ணப்பப் பெட்டி வைத்திருப்பார்கள். பாரம் உள்ளவர்கள் சீட்டு எழுதிப் போட வேண்டும். மத்தியானம் உபவாசம் முடிக்கும் முன் பெண்கள் சங்கச் செயலாளர் ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். எல்லோரும் ஜெபிப்போம். அப்போது செயலாளராக இருந்தவர் ரோஸ்லின் டீச்சர். கிரேஸ் படித்த பள்ளியில்தான் அவருக்கும் வேலை; சாப்பாட்டு இடைவேளையில் வந்து வாசித்துவிட்டுப் போவார். முகாமுக்கும் அவர்தான் பொறுப்பு. சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே பெயரில்லாமல் எழுதத் தீர்மானித்தேன்.

நான் முழங்காலில் நின்று கேட்டது இதுதான்: "ஆண்டவரே, முகாமுக்கு இன்னும் பத்து நாள்தான். அதற்குள் என் பிள்ளையைச் சுகமாக்கும். இல்லையென்றால் அவள் மனசிலிருந்து அந்த ஆசையை எடுத்துப்போடும்." பாட்டு முடிவதற்குள் சீட்டுப் போட வேண்டுமே என்று, கையில் அகப்பட்ட காகிதத்தில் அவசரமாக எழுதினேன். "பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை இரவில் படுக்கையை நனைக்காதபடி ஜெபிக்கவும். பெயர் வேண்டாம்." மடித்துப் போட்டேன். அன்றைக்கு ஒரு கல்யாண ஜாக்கெட் கொடுத்தாக வேண்டியிருந்ததால், வாசிக்கும் வரை காத்திராமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் கிரேஸ் வந்து, "அம்மா, அந்த சம்மதச் சீட்டக் குடு. வரலன்னாலும் திருப்பித் தரணுமாம்" என்றாள்.

வேதப் புத்தகத்தைத் திறந்தேன். பணம் இருந்தது. சீட்டு இல்லை.

காலையில் கையில் அகப்பட்ட காகிதம் அதுதான். பின்பக்கத்தில் நான் "பெயர் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன். முன்பக்கத்தில் என் மகள் பெயர், வகுப்பு, அப்பன் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கிறது. "ஆண்டவரே, காதோடு சொன்னதை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டீரே!" என்று அவரோடு சண்டை பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சொல்லி அனுப்பினேன். பொய்க்கு மேல் பொய்.

ஆராதனை முடிந்த கையோடு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ரோஸ்லின் டீச்சர்.

"வயித்து வலி எப்படி இருக்கு சுந்தரி அக்கா?"

"சீட்டப் படிச்சீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டேன்.

"படிச்சேன். மனசுக்குள்ள. ரெண்டு பக்கமும்." கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மெஷின் மேல் வைத்தார். "சபைல 'ஒரு பிள்ளைக்காக ஜெபிங்க'ன்னு மட்டும் சொன்னேன். எல்லாரும் ஜெபிச்சாங்க. யாருக்கும் எதுவும் தெரியாது."

என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நானும் எட்டாவது வரைக்கும் நனைச்சவதான்கா. எங்கம்மா என்ன ஒரு ஊருக்கும் அனுப்பல. மண்டகப்பட்டுல எங்க பெரியப்பா பொண்ணு கல்யாணம். எல்லாப் பசங்களும் ராத்தங்கிச்சுங்க. என்ன மட்டும் சாயந்தரமே இட்டுக்கினு வந்துட்டாங்க."

"அப்பால எப்படி நின்னுச்சு டீச்சர்?"

"தானா நின்னுச்சு. ஆனா போவாத கல்யாணம் போவாததுதானே?"

சொல்லிவிட்டு டீச்சர் சிரித்தார். அந்த அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு கணக்குப் பாடம் நடத்துவது போல மடமடவென்று சொன்னார். பிள்ளை தன் அறையில், தன் பக்கத்தில் படுக்கட்டும். அலாரம் வைத்து ராத்திரி இரண்டு முறை தானே எழுப்புவார். ஒரு ரப்பர் ஷீட், மாற்றுப் பாவாடை இரண்டு போதும். கடைசியில் சீட்டைத் திருப்பிப் போட்டார்.

"பின்னால ஜெபம் எழுதிட்டீங்க. முன்னால கையெழுத்துப் போடலயே. ஜல்தி போடுங்க, நாளைக்குக் கடைசி நாளு."

கையெழுத்துப் போட்டேன். வேதப் புத்தகத்தைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுத்தேன். நிமிர்ந்தால் கதவருகே கிரேஸ் நின்றுகொண்டிருக்கிறாள். காசு இல்லை என்று சொன்ன அம்மாவின் கையில் காசைப் பார்த்துவிட்டாள்.

டீச்சர் போனதும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்டி."

"தெரியும்மா. வசனம் தேடறப்போ காசு கீறத பாத்தேன்."

"பின்ன ஏன்டி கேக்கல?"

"நீ பயந்துக்கினு கீறன்னு தெரிஞ்சிச்சு. அதான் கேக்கல."

பிள்ளையின் வெட்கத்தை நான் மூடிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவள் என் பயத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுது, முன்பு இரண்டு முறை அடித்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன்.

முகாம் நாட்களில் நான் பட்ட பாட்டை என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பழக்க தோஷத்தில் ராத்திரி ராத்திரி எழுந்து உட்காருவேன். எழுப்பப் பிள்ளை இல்லாததால் ஜெபம் செய்வேன். "அங்க டீச்சர் எழுப்புறாங்க, இங்க நீ என்ன எழுப்புற. பேஜாராப் பூச்சு" என்பார்.

ஐந்தாம் நாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்து நின்றது. கிரேஸ் குளிரில் வெடித்த உதட்டோடு குதித்து இறங்கினாள். யாருக்கும் புரியாதபடி, "எப்படி இருந்துச்சு?" என்று மெல்லக் கேட்டேன்.

"மூணு நாளு காஞ்சுது, ஒரு நாளு நனைஞ்சுதும்மா!" என்று பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி கத்தினாள். "அது கெடக்குது வுடு. ஏரில படகு வுட்டேன், தெரியுமா?"

வீடு வரும் வரை வாய் மூடவில்லை. மலை, பனி, படகு, கூட்டாஞ்சோறு. அவள் அறையில் டீச்சர் எழுப்ப வேண்டிய பிள்ளைகள் மூன்று பேராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது: கடைசி நாளான அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்த தாய்மார்கள் ஒவ்வொருவரையும் டீச்சர் தனியாகக் கூப்பிட்டு, ராத்திரி எழுப்ப வேண்டிய பிள்ளையா என்று கேட்டிருக்கிறார். இன்னும் இரண்டு பேர், நான் அழுதது போலவே அழுதிருக்கிறார்கள். முன்பே கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க வந்த ஒருத்தி, கேட்காமலே போனாளாம். என் சீட்டு டீச்சர் கையில் விழாமல் இருந்தால் அந்தக் கேள்வியை யார் கேட்டிருப்பார்கள்? நான் ஒரு பிள்ளைக்காக ஜெபித்தேன். ஆண்டவர் மூன்று பிள்ளைகளை மலைக்கு அனுப்பினார்.

பாய் நனைவது அன்றோடு நின்றதா என்று கேட்பீர்கள். இல்லை. சாட்சி என்பதற்காகக் கூட்டிச் சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் கிணற்றடியில் நிற்கும்போதுதான் ஒரு மாதமாகப் போர்வை அலசவில்லையே என்று தோன்றியது. அன்று செல்வியிடம் உண்மையைச் சொன்னேன். "எங்களுக்குத் தெரியாதா இன்னா? ஒரு நாளும் எண்ண வாசன வந்ததில்லயேக்கா" என்றாள்.

இப்போது கிரேஸ் விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். திங்கட்கிழமை காலையில் அப்பாவோடு பாசஞ்சர் ஏறுவாள். வெள்ளிக்கிழமை வந்து ஒரு வாரப் பேச்சையும் கொட்டுவாள். நான் அவளை வழியனுப்பும்போது பயப்படுவதில்லை.

அன்பான தாய்மார்களே, உங்கள் வீட்டிலும் விடியும் முன் அவசரமாக அலசிப் போடும் ஏதோ ஒன்று இருக்கலாம். என்னவென்று நான் கேட்கவில்லை. அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் ஒரு மனுஷியை உங்கள் வாசலுக்கு அனுப்பினால், வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளாமல் கதவைத் திறங்கள். நான் கேட்டது சுகம். அவர் கொடுத்தது துணை. சுகம் தன் நேரத்தில் வந்தது. அதற்குள் என் பிள்ளை மலையைப் பார்த்துவிட்டாள். நனைந்த பாயைக்கூட அற்பமாக எண்ணாத என் ஆண்டவருக்கு, என் வாயில் மூச்சு இருக்கும் வரை நன்றி சொல்வேன்.