லேமினேஷன் போட்ட மருந்துச் சீட்டு

“மாத்திரை எடுத்துக் குடுக்கதுக்கு ஒரு படிப்பா, ஏட்டி?” என்று மாமா சிரித்தார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பார்மசி முடித்து, சங்கரன்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன்.

அங்கே ஒரு ஜவுளிக்கடைக்காரர் வருவார். கசங்காத வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். முதுகுவலிக்கு எப்போதோ டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை லேமினேஷன் செய்து வைத்திருந்தார். இந்த மாதிரி பழக்கமாகிவிடும் வலி மாத்திரையைக் கொடுத்ததும் கடைக்காரர் சீட்டில் முத்திரை குத்த வேண்டும்; பிளாஸ்டிக்கின் மேல் அது ஒட்டாது. எத்தனை கடையில் மாத்திரை வாங்கினார் என்று யாருக்கும் தெரியாது.

“இனிமே இதுக்குத் தர முடியாது, அண்ணாச்சி.”

சண்டை போடுவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தினார்.

“வலி போயி ரொம்ப நாளாச்சு மக்கா. நிறுத்தினா உடம்பு வெடவெடங்குது.”

“நீங்களா நிறுத்தக் கூடாது. பெரியாஸ்பத்திரியில போதை மறக்க வைக்கிற பிரிவு இருக்கு. டாக்டர் கொஞ்சங் கொஞ்சமா குறைப்பாவ.”

“அங்கன குடிகாரன்லா நிப்பான்! நம்ம ஆளுவ பாத்தா?”

“நானும் வாரேன். யாராவது கேட்டா, எனக்குக் காட்ட வந்தோம்னு சொல்லுங்க.”

“கல்யாணமாகாத பிள்ள சொல்லுத பேச்சா இது?” என்று என்னையே பார்த்தார். பிறகு, திங்கட்கிழமை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

வருவாரா என்று எனக்கு உறுதியில்லை. அன்று ஏழரைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றுவிட்டேன்.