பத்தாவது ஆள்

அந்த மான் வேட்டைக்காக நான் நான்கு பட்டியல்கள் எழுதினேன்: ஆட்கள், வழி, சுமை, தண்ணீர். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கம் அது. பர்மாத் தலைநகரில், லான்மடா வட்டாரத்தில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த நில அளவை அலுவலகத்தில் எனக்கு வரைபடம் போடுகிற வேலை. கல்லூரியில் நில அளவை படித்தவள் நான். படிப்பை முடித்து நான்கு வருடமாகியும் ஒருமுறைகூட அளவைக் கருவியோடு வெளியே போனதில்லை. ஆண்கள் போய் அளந்து வருவார்கள். அவர்களுடைய சேறு படிந்த குறிப்பேட்டைப் பார்த்து நான் மேசையில் நிலத்தை வரைவேன். இது என்ன எண் என்று கேட்டால் எரிந்து விழுவார்கள்.

முதலாளியும் தமிழர்தான். வட்டித்தொழில் செய்த குடும்பம். மற்றவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட, இவர் மட்டும் தங்கிவிட்டார். எல்லோரையும் போல நானும் அவரைச் சயா என்பேன். அவர் என்னைச் சயாமா என்பார். டீச்சரம்மா என்று அர்த்தம். அவர் வாயில் அது பாதி மரியாதை, பாதி கேலி.

மிங்கலாடோனில் குடியிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். புரோம் பாலத்தைத் தாண்டி மேற்கே, யோமா மலையடிவாரத்தில் தோட்டம் போட நிலம் எடுத்திருந்தார். அதை அளக்கிற வேலை எங்களுக்கு வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் அந்தக் காட்டில் கேளையாடு சுட வேண்டும் என்பது அவர் ஆசை. நாயைப் போலக் குரைக்கிற சின்ன மான் அது. துப்பாக்கியும் அனுமதியும் அவர் பொறுப்பு, மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு. எங்கள் பொறுப்பு என்றால் என் பொறுப்பு. எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் போனதில்லை.

"நீயும் வா சயாமா," என்றார் சயா. "வந்து வேல தெரியும்னு காட்டு. திரும்பி வந்ததும் அந்த நெலத்த அளக்க ஒன்னையே அனுப்புறேன்."

பல் குத்திக்கொண்டே சொன்னார். எல்லாவற்றையும் எழுதி வைக்கிற நான் அதை மட்டும் எழுதி வைக்கவில்லை.

வரைபடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. பன்சோடன் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தின் நகல் இரண்டு தாள் கிடைத்தது. மலையும் ஓடையும் அதில் சரியாக இருந்தன. ஊர்களையும் பாதைகளையும் நம்ப முடியாது, அவை இடம் மாறியிருக்கும். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மூன்று பேரைப் பிடித்தேன். ஒருவர் நெடுந்தூரப் பஸ் ஓட்டுகிறவர், ஒருவர் கூரைக்கீற்று விற்கிறவர், ஒருவர் மூங்கில் வியாபாரி. மூவரிடமும் ஒரே கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேர் ஒத்துப்போனதை மட்டும் மையால் எழுதினேன். ஒருவர் மட்டும் சொன்னது பென்சிலில்.

மான் எங்கே வரும் என்பதையும் அப்படித்தான் கண்டுபிடித்தேன். கோடையில் ஓடை வற்றும், ஆனால் இரண்டு ஓடைகள் சேருகிற பாறை இடுக்கில் தண்ணீர் நிற்கும். சம உயரக் கோடுகளைப் பார்த்து அப்படிப்பட்ட நான்கு இடங்களைக் குறித்தேன். இரண்டில் சித்திரையிலும் தண்ணீர் உண்டு என்று மூங்கில்காரரும் கீற்றுக்காரரும் சொன்னார்கள். மையால் எழுதினேன். உப்பு ஐந்து வீசை, கொசுவலை ஐந்து, காய்ச்சல் மாத்திரை, கயிறு, தார்ப்பாய், டீசல். நான் தங்குவதற்கு ஊர்த்தலைவர் வீட்டில், அவர் மனைவியோடு இடம் கேட்டு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். சரி என்று பதிலும் வந்தது.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஆயுள் முழுக்க எழுத்தராக இருந்தவர். காட்டுக்குப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். மறுநாள், "வேல ஒனக்குத்தானா, உறுதியா?" என்று கேட்டார். உறுதி என்றேன். மார்க்கெட்டில் கணுக்கால்வரை வருகிற கித்தான் சப்பாத்து வாங்கினேன். புதிதில் கடிக்கும் என்று தினமும் வேலை விட்டு வந்து வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் மாடியில் யார் குதிக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

டீசல் பீப்பாயைப் பார்க்கக் கீழே போனபோது எங்கள் டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். பர்மியர், வயதில் மூத்தவர். எனக்கு அவர் அக்கோ, அண்ணன். அவர் பர்மியத்தில், நல்லவேளை நீ வருகிறாய் தங்கச்சி, இல்லாவிட்டால் ஒன்பது பேராகப் போக வேண்டியிருக்கும் என்றார்.

ஒன்பது பேராகக் காட்டுக்குப் போனால் ஒருவர் குறைந்து திரும்புவார்கள் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். பத்தாவது ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கல்லை எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் வைப்பார்கள், சோறும் வைப்பார்கள். நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். ஆனாலும் என் பட்டியலை அந்தக் கண்ணால் நான் பார்க்கவில்லை. மாடியேறி வந்து பார்த்தேன். சயா, அவர் மச்சான், இளைய வரைவாளர், டிரைவர், அதிகாரி. அதிகாரி தம் ஆட்கள் நான்கு பேரைச் சேர்த்துக் கணக்கு ஒன்பதான அன்றைக்குத்தான் சயா என்னைக் கூப்பிட்டிருந்தார். அதுவரை என் வரைபடத்தை அவர் விரித்தும் பார்த்திருக்கவில்லை.

அன்று மாலையும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடந்தேன். எதற்காகக் கூப்பிட்டால் என்ன, போனால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அதிகாரி போன் செய்தார். பெண் வந்தால் காட்டைக் காக்கிற தெய்வமான நத் கோபித்துக்கொள்ளும், மானைக் கண்ணில் காட்டாது என்றாராம். சயா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவர் அவர். இந்த ஊர் நத்துக்கு, இந்த ஊர்க்காரர்களைவிட அவர்தான் அதிகம் பயப்படுவார். எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான். எங்களை இன்னும் வெளியாள் என்று சொல்கிறவர்களுடைய தெய்வங்களை எங்களைப் போல யாரும் தாங்குவதில்லை.

போனை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். மச்சானும் கூட நின்றார்.

"சயாமா, நீ இருந்துக்கம்மா. பத்துக்குக் கல்லு ஒண்ணு எடுத்துக்குறோம்."

"அதுக்குத் தனி எடம் கேட்டு ஆள் அனுப்ப வேணாம்," என்றார் மச்சான். "பாயும் வேணாம், வாயும் இல்ல."

இளைய வரைவாளர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டுப் பென்சில் சீவத் தொடங்கினார்.

"என்ன எடை இருக்கும் சயா?" என்று கேட்டேன். "சுமைப் பட்டியல்ல எழுதணும்."

சயா நான் கோபப்படவில்லை என்று எடுத்துக்கொண்டார். ஒரு வீசை போதும் என்றார். நில அளவை வேலை என்ன ஆகும் என்று கேட்டேன். வந்து பார்த்துக்கலாம் என்றார். ஆட்கள் பட்டியலில் பத்தாம் வரியில் என் பெயரை அடித்து, அவர் சொன்னபடி கோ சௌக் என்று எழுதினேன். தமிழில் சொன்னால் கல்லண்ணன்.

வரைபடத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் இன்னும் பென்சிலில் இருந்தது. மூன்றாவது ஓடையில் வண்டித்தடம் இறங்குகிற இடத்தில் மணல் ஆளை இழுக்கும், வளைவுக்கு மேலே பாறைத்தட்டின் மீது கடக்க வேண்டும் என்று மூங்கில்காரர் மட்டும் சொல்லியிருந்தார். என் விதிப்படி அதை மையால் எழுத வேண்டியதில்லை. அழிப்பானை எடுத்து ஒருமுறை தேய்த்தால் போதும், ஒரு மனிதனும் என்னைக் கேட்க மாட்டான். அழிப்பான் கையில் இருந்தது. வெகுநேரம் இருந்தது. கடைசியில் சிவப்பு மையை எடுத்து, பாறைத்தட்டுக்கு அம்புக்குறி போட்டு, கீழே இறங்காதே என்று பெரிதாக எழுதினேன். நல்ல மனசு என்று இதைச் சொல்ல மாட்டேன். தப்பான வரைபடம் என் கையிலிருந்து போகக்கூடாது, அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு சப்பாத்தைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரி திருப்பிப் பார்த்து, தேய்ந்திருக்கிறதே, எங்கே நடந்தாய் என்று கேட்டாள். வீட்டுக்குள் என்றேன். திரும்ப எடுக்க முடியாது என்றுவிட்டாள்.

ஆறாம் நாள் வந்தார்கள். இரண்டு கேளையாடு, இரண்டும் நான் மையால் குறித்த தண்ணீரண்டை. மூன்றாவது ஓடையில் யாருடைய லாரியோ அச்சுவரை புதைந்து கிடந்ததாம். இவர்கள் மேலே போய்ப் பாறையில் கடந்தார்களாம். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, டயர்கூட வெடிக்கவில்லை. சயா இதையெல்லாம் சொல்லிவிட்டு நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டார்.

"எல்லாம் கல்லண்ணன் பார்த்துக்கிட்டாரு."

டிரைவர் அக்கோ மட்டும் என் பக்கம் பார்த்தார்.

நிலத்தை அளக்க இளைய வரைவாளரை அனுப்பப்போவதாகச் சயா அப்போதே சொன்னார். அவனுக்கு அந்த இடம் பழகிவிட்டதாம். எனக்கு அந்த இடத்தை அவனுக்கு முன்பே தெரியும் சயா என்றேன். தாள்ல தெரியும்மா என்றார், அன்பாகத்தான். பிறகு வாழையிலைப் பொட்டலம் ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"பத்துப் பங்கு போட்டோம். கல்லண்ணன் பங்கு ஒனக்கு."

வீட்டில் அப்பா பொட்டலத்தைப் பிரித்து, யார் கொடுத்தது என்று கேட்டார். கல்லுக்குப் போட்ட பங்கு என்று சொல்லி, முழுவதையும் சொன்னேன். அவர் கறியைக் கழுவி மிளகு போட்டு வறுத்தார். இருவரும் சாப்பிட்டோம். வேலையைப் பற்றி அவர் அதன் பிறகு கேட்கவே இல்லை.

பங்குனி முடிவில் இளைய வரைவாளரின் குறிப்பேடு என் மேசைக்கு வந்தது, வழக்கம்போலச் சேறு படிந்து. நான் நிலத்தை வரைந்தேன். மூன்றாவது ஓடையின் பாறைத்தட்டுக்கு அருகே அவர் ஓர் இடப்பெயர் எழுதியிருந்தார். வேட்டைக்குப் போனவர்கள் வைத்த பெயர், இப்போது ஊர்க்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்களாம். கல்லண்ணன் துறை.

ஸ்டென்சிலை வைத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி அளந்து, அதைக் கறுப்பு மையால் எழுதினேன்.