விளாவிய தண்ணீர்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நாங்கள் சாப்பிடுகிற மெஸ்ஸில் சாம்பார் சுமார்தான், ரசம் அதைவிட மோசம். ஆனாலும் கூட்டம் குறையாது. காரணம், பரிமாறுகிற சக்கரபாணி. கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். யாருக்கு மோர் ஆகாது, யாருக்கு அப்பளம் கூட ஒன்று வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எல்லாவற்றையும்விட அவருடைய வெந்நீருக்குத்தான் பேர்.

காலையிலேயே பெரிய அண்டாவில் தளதளவென்று கொதிக்க வைத்துவிடுவார். அதில் சோம்பலே கிடையாது. யாராவது கேட்டால் ஜக்கில் பாதி மொண்டு, மீதிக்குக் குழாயைத் திறந்து விளாவி, நாக்கு சுடாத பதத்தில் கொண்டுவந்து வைப்பார். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் குடித்தோம். குளிக்க விளாவுகிற மாதிரி குடிக்கவும் விளாவலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் எல்லோரும் படித்தவர்கள், என்னையும் சேர்த்து. ஒன்றும் ஆகாதவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த வினோதினிக்கு இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. சக்கரபாணியின் வெந்நீரைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். பாட்டிலிலும் அதையே பிடித்துக்கொண்டு போவாள். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பெண் பிள்ளை இல்லாத மனுஷன். அவள் அண்ணா என்று கூப்பிட்டாலும் அவர் மகளாகத்தான் நினைத்தார்.

அவளுக்கு டைபாய்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீரோடு கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

"கண்ட எடத்துல தண்ணி குடிச்சிருப்ப" என்று செல்லமாகக் கடிந்துகொண்டே டம்ளரில் பாதி ஊற்றி, வார்டுக் கோடியிலிருந்த குழாயடிக்குப் போனார். நர்ஸ் ஓடிவந்து தடுத்தாள்.

"இன்னா பண்றீங்க?"

"சூடு ஜாஸ்தியா கீதும்மா. விளாவிக் குடுக்கறேன்."

"காய்ச்சுன தண்ணில பச்சத் தண்ணிய ஊத்துனா, அப்புறம் காய்ச்சுனது எதுக்கு? இருக்கற கிருமி அப்டியே வயித்துக்குத்தான போவும்?"

சக்கரபாணி குழாயடியிலேயே நின்றுவிட்டார். "அப்ப நான் டெய்லி குடுத்தது?"

"எதுல வந்துச்சுன்னு யாரு கண்டா" என்று நர்ஸ் குரலைத் தணித்துக்கொண்டாள்.

அவரை அப்படியே வெளியே அழைத்துக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது எனக்கு. கட்டிலில் கிடந்த வினோதினிக்கு இது எதுவும் கேட்டிருக்காது. அவர் வாயை மூடிக்கொண்டால் அவள் கடைசிவரை அவரை நம்புவாள். சொல்லிவிட்டால், இனி அவர் கையால் ஒரு வாய் குடிப்பாளா?

அவர் நேராகக் கட்டிலுக்குப் போனார்.

"கண்ட தண்ணி இல்லம்மா. நான் குடுத்ததாத்தான் இருக்கும். கொழாத் தண்ணிய விளாவித்தான் உனுக்குக் குடுத்துனு இருந்தேன். சூடா இருந்தா போதும்னு நெனச்சிட்டேன்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே உட்கார்ந்து வாங்கிக் குடித்த எங்கள் எல்லோர் மேலும் கோபம் வந்தது.

"தாகமா இருக்குண்ணா" என்றாள் அவள். "விளாவாதீங்க. ஆத்திக் குடுங்க."

நர்ஸ் இன்னொரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். சக்கரபாணி ஆற்ற ஆரம்பித்தார். கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் கையை நீட்டியபடியே காத்திருந்தாள்.