நூல் அறுந்தால் நிற்கிற வண்டி

பிள்ளைகள், எங்கள் கார் திறப்பைத் திருகியவுடன் ஒரு பெண்குரலில் ஏதோ சொல்கிறதே, அது என்ன என்று நீங்கள் இருவரும் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. ஜப்பானில் யாரோ ஓடிக் கழித்த கார் அது. கப்பலில் வந்து, கொழும்பில் நின்று, அரியாலைக்கு வந்து சேர்ந்த பிறகும் தன் பாஷையை விடவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிற ஆள் நான். என் மாமாவாக இருந்தால் யோசிக்காமல் ஒரு அர்த்தம் சொல்லியிருப்பார். நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

மாமா என்றால் உங்கள் அப்பம்மாவின் தம்பி. அவரை நீங்கள் கண்டதில்லை. அவர் ஓடிய வான் வண்டியையும் கண்டதில்லை. அந்த வானைப் பற்றியும், அது ஒருநாள் நின்றதைப் பற்றியும் எழுதி வைக்கலாம் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இதில் வருகிற அக்கா வேறு யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வந்து, “சாப்பிட்டியளோ?” என்று கேட்கிற உங்கள் கனடா மாமிதான்.

சண்டையால் பல வருஷம் மூடிக் கிடந்த கண்டி வீதி திறந்த காலம் அது. அதுவரை எங்கள் ஊரில் ஓடியவை பழைய இங்கிலீசுக் கார்கள். பெற்றோல் இல்லாத நாட்களில் மண்ணெண்ணெய் குடித்துப் பழகி, இருமி இருமிப் புகை கக்குகிற கார்கள். தள்ளினால்தான் உயிர் வரும். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளியதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஊருக்குள் மாமா ஒரு ஜப்பான் வானைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரே திருகு, வேலை செய்தது. அதைப் பார்ப்பதற்கென்றே எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் கூடி நின்றது.

“ஜப்பான்காரன்ரை சாமான். மனுசன் நிண்டாலும் இது நிக்காது” என்றார் மாமா.

மீன் கூடையோடு நின்ற கிழவி ஒருத்தி, “அப்ப பிரேக் இல்லையோ தம்பி?” என்று கேட்டாள். மாமா அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு அவளிடம் மீன் வாங்கவில்லை.

அந்த வானைச் செய்த கொம்பனியின் பெயரை நான் எழுதவில்லை. இன்றைக்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அதன் வண்டிதான் நிற்கிறது. நான் வேறு விளம்பரம் செய்யத் தேவையில்லை. மாமா அந்தக் கொம்பனியின் சரித்திரத்தைத் தன் சொந்தப் பரம்பரைக் கதைபோலச் சொல்லுவார். கொழும்பில் வான் விற்றவனிடம் கேட்டது பாதி, தன் கையால் போட்டது பாதி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வளர்ந்த பிறகு விசாரித்துப் பார்த்தேன். பெரும்பகுதி உண்மை. மாமாவின் வாயில் வந்த உண்மைகள் அநேகமாக அவ்வளவுதான்.

அவர் சொன்ன கதை இது. ஜப்பானில் ஒரு தச்சனின் மகன் இருந்தான். அவனுடைய தாய் கைத்தறியில் கிடந்து மாய்வதைப் பார்த்துப் பார்த்து அவன் நல்ல தறி ஒன்று செய்ய முயன்றான். கடைசியில் தானாக நெய்கிற தறியே செய்துவிட்டான். அந்தத் தறிக்கு ஒரு குணம் இருந்தது. ஒரு நூல் அறுந்தாலும் போதும், அது தானாகவே நின்றுவிடும். பிழையான துணியை ஒரு சாண்கூட நெய்யாது. அந்தத் தறியின் உரிமையை வெள்ளைக்காரனுக்கு விற்றார்கள். அதற்குப் பிறகு அவனுடைய மகன் கார் செய்யத் தொடங்கினான்.

“அப்ப இது சீலை நெய்யிற கொம்பனியே?” என்று அம்மா கேட்டார்.

“ஓம் அக்கா. பேரைக்கூட ஒரு எழுத்து மாத்தி வைச்சவங்கள். அவங்கடை எழுத்திலை எட்டுக் கீறு வரவேணுமெண்டு. எட்டு அவங்களுக்கு நல்ல எண்.”

“எட்டோ? சனியன்ரை எண்ணல்லோ! அதுதான் இந்த வான் வந்த நாள் தொடக்கம் நீ வீட்டிலை நிக்கிறாயில்லை.”

எனக்குப் பிடித்தது கயிற்றுக் கதை. அந்தத் தொழிற்சாலையில் கார்கள் வரிசையாக நகர்ந்து வருமாம். வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடுமாம். பிழை கண்டவன் யாராக இருந்தாலும் அதை இழுக்கலாம். இழுத்தால் வரிசையே நின்றுவிடும். மேலாள் ஓடி வருவான். ஏசமாட்டான். முதலில் நன்றி சொல்லிவிட்டு, என்ன பிழை என்று கேட்பான்.

அப்பா அரசாங்க எழுதுநர். அவர் பேப்பரிலிருந்து தலையெடுக்காமலே, “எங்கடை கந்தோரிலை இழுத்துப் பாக்கட்டும். அடுத்தநாள் இடமாற்றம்” என்றார்.

மாமா கதையோடு விடவில்லை. வானுக்குள் யன்னல்களின் மேலாக ஒரு நைலோன் கயிற்றை ஓட்டி, தன் காதோரம் ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டுகிற சின்ன மணி ஒன்றைத் தொங்கவிட்டார். யாரும் இழுக்கலாம். இழுத்தால் வானை ஓரம் கட்டித் திரும்பி, கைகூப்பி, “நன்றி ஐயா. என்ன பிழை?” என்று கேட்பார். ஒழுங்கைப் பொடியள் எல்லாம் இழுத்தோம். ஐஸ்கிறீம் வண்டிக்கு இழுத்தோம். செருப்பு விழுந்ததற்கு இழுத்தோம். ஒருநாள் நான், “மாமா, அந்த நாய் சிரிக்குது” என்றேன். அவர் எட்டி நாயைப் பார்த்துவிட்டு, “ஓம், பெரிய பிழைதான்” என்று சொல்லி வானை எடுத்தார்.

வானுக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. பின்னுக்கு எடுக்கும்போது ஒரு ஜப்பான் பெண் “பக்கு சிமாஸ், பக்கு சிமாஸ்” என்று சொல்லுவாள். மாமா அதற்கும் அர்த்தம் வைத்திருந்தார். “பக்கத்தைப் பார் எண்டு சொல்லுறாள். தமிழிலை இருந்து அங்கை போன சொல்லடா!” அதனால் வான் பின்வாங்கும்போதெல்லாம் நாங்களும் அவளோடு சேர்ந்து, “பக்கத்தைப் பார்! பக்கத்தைப் பார்!” என்று கத்துவோம்.

அந்தக் கயிற்றை ஒருநாளும் இழுக்காத ஆள் அக்கா ஒருத்திதான். அக்காவுக்கு அப்போது இருபது வயதிருக்கும். உயர்தரச் சோதினையை இரண்டு தரம் எடுத்து, இரண்டாம் தரம் கொஞ்சத்தால் தவறவிட்டவள். ஒழுங்கை முகப்பிலிருந்த பாலர் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டே மூன்றாம் தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ரீச்சராக வரவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது. சாதகத்தில் எட்டுப் பொருத்தம். வானுக்குச் சனியனாக இருந்த எட்டு, மாப்பிள்ளைக்கு யோகமாகிவிட்டது.

அம்மா குசினிக்குள் போய், “பிள்ளை, ஓமோ?” என்று கேட்டதை நான் கேட்டேன். அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

“இன்னொருக்காச் சோதினை எடுத்துப் பாக்கிறனே அம்மா.”

“ஏன், கனடாவிலை சோதினை இல்லையோ?”

அதற்குப் பிறகு திருவலையின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அம்மா வெளியே வந்து, “பிள்ளைக்கு ஓமாம்” என்றார்.

“வாயாலை சொன்னவளோ?” என்றார் அப்பா.

“பொம்பிளைப் பிள்ளை வாயாலை சொல்லுவாளோ? வேண்டாமெண்டாத்தான் சொல்லுவாள். பேசாமல் இருந்தா ஓம்தான்.”

எங்கள் ஊரில் எல்லாரும் ஒத்துக்கொண்ட கணக்கு அது. அப்பாவும் பேப்பரை மடித்து வைத்தார்.

கலியாணம் கனடாவில்தான் என்று முடிவாகி, அக்காவை விமானம் ஏற்ற நாங்கள் கொழும்புக்குப் புறப்பட்ட காலையில், வானின் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். மிச்சமாயிருந்த ஒன்றை அம்மா அக்காவின் கையில் கொடுத்து, “சத்தி வந்தால் மணந்துகொண்டிரு” என்றார். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். வான் ஒழுங்கையிலிருந்து பின்வாங்கியபோது அவர்களும் சேர்ந்து, “பக்கத்தைப் பார்!” என்று கத்தினார்கள். அக்கா அவர்களைப் பார்த்துச் சிரித்தாள் என்றுதான் என் ஞாபகம்.

முன்னுக்கு மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே, என்ஜின் சூடு ஏறுகிற இடத்தில் நான் இருந்தேன். பின்னுக்கு அம்மாவும் அக்காவும். பக்கத்து வீட்டில் தந்த சோடாவை முழுதாகக் குடித்திருந்தேன். வானில் ஏறிக் கொஞ்ச நேரத்துக்குள் அது வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. ஆனால் மாமா, “வவுனியா போய்ச் சேருமட்டும் நிப்பாட்டுறதில்லை. வண்டி என்ன வண்டி!” என்று சொல்லியிருந்தார். ஜப்பான்காரனின் மானம் என் மடியில் இருப்பதாக நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

நாவற்குழிப் பாலம் தாண்டியதும் மணி கிலுங்கியது.

மாமா பழக்கதோஷத்தில் வானை ஓரத்தில் இறக்கினார். திரும்பிக் கைகூப்பி, “நன்றி அம்மா. என்ன பிழை?” என்றார். பிறகுதான் இழுத்தது யார் என்று கண்டார். அக்காவின் கை இன்னும் கயிற்றில்தான் இருந்தது.

பின்னால் கடல்நீரேரி தெரிந்தது. அதற்கு அங்கால் எங்கள் ஊர்ப் பனைகள். திரும்பினால், அடுப்பிலிருந்து இறக்கிவைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் வீடு. அம்மா அக்காவையே பார்த்தார். அப்பா றோட்டைப் பார்த்தார். மாமாவின் முகத்தில் இருந்த விளையாட்டு மெல்ல மெல்லக் கழன்றது. அவர் கூப்பிய கையை இறக்கவில்லை.

“சொல்லு பிள்ளை” என்றார். “என்னெண்டாலும் சொல்லு.”

அக்கா வாயைத் திறந்தாள்.

“எனக்கு ஒண்டுக்கு வருது!” என்று நான் கத்தினேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாதான் எல்லாரிலும் கூடச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்து, சீலைத் தலைப்பால் துடைத்தார். அப்பா, “தம்பிக்காண்டி இழுத்திருக்கிறாள், பாத்தியளே! போற நேரத்திலையும் தம்பியிலைதான் கவனம்” என்றார். நான் இறங்கி ஓடிப்போய், நீரேரியைப் பார்த்தபடி, உலகத்தின் மிகப்பெரிய ஆறுதலோடு நின்றேன்.

திரும்பி வந்து, “உனக்கு எப்பிடியக்கா தெரியும்?” என்று கேட்டேன்.

அக்கா தேசிக்காயின் தோலில் நகத்தைப் பதித்துக்கொண்டிருந்தாள். வான் முழுவதும் அதன் வாசம். “தெரியும்” என்றாள்.

மாமா இறங்கி எதையோ திறந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “வண்டியிலை ஒரு பிழையுமில்லை” என்று ஒருவரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு ஏறினார். றோட்டில் ஏறுவதற்காகக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தார். “பக்கு சிமாஸ்” என்றாள் ஜப்பான்காரி. “பக்கத்தைப் பார்!” என்று நான் தனியாகக் கத்தினேன். ஒருவரும் பக்கத்தைப் பார்க்கவில்லை. மாமா மட்டும் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துவிட்டு முன்னுக்கு எடுத்தார்.

சோதனைச் சாவடிகளையும் சாப்பாட்டுக் கடையையும் தவிர வான் கொழும்பு வரை நிற்கவில்லை. ஜப்பான்காரனின் பெயர் கெடவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு பின்னேரம் மாமா கயிற்றை அறுத்து மணியைக் கழற்றினார். ஏன் என்று கேட்டேன். “மணி பழுதாப் போச்சடா” என்றார். அது அவருடைய உள்ளங்கையில் கிடந்து கிலுங்கிக்கொண்டுதான் இருந்தது. கொம்பனியின் கதையை அவர் அதற்குப் பிறகும் பலருக்குச் சொன்னார். தச்சன் மகன், தாய், தறி, எட்டுக் கீறு எல்லாம் வரும். நூல் அறுந்தால் தறி நிற்கும் என்ற இடத்தோடு நிறுத்திவிடுவார். கயிற்றுக் கதையைச் சொல்லமாட்டார்.

உங்கள் மாமி அங்கே கஷ்டப்பட்டாள் என்று நான் சொல்லவரவில்லை. உங்கள் கனடா மாமா நல்ல மனிதர், உங்களுக்கும் தெரியும். மாமி ஒரு பெரிய கடையின் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறாள். மூன்றாம் தரம் எடுக்காமற்போன சோதினையைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. “சுகமோ அக்கா?” என்று கேட்டால் “ஓம்” என்பாள். அந்த ஓமைக் கேட்டவுடன் நான் இப்போது போனை வைப்பதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். அவளும் பேசாமல் நிற்பாள். பிறகு உங்களைப் பற்றிக் கேட்பாள். அதனால்தான் நீங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டிருக்கிற நேரங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்டுத் தொல்லை கொடுக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதொன்றும் தெரியாது. நான் இருந்தது முன்சீட்டில், அக்கா இருந்தது பின்சீட்டில். எனக்கு முட்டியதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மாமாவுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது. அப்படியிருந்தும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டதே என்று, என்ஜின் சூட்டில் கால் மடக்கி இருந்தபடி, ஆனையிறவு தாண்டும்வரை அதையே நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தேன். வாய் திறந்து சொல்லாததையும் அறிந்துகொள்கிற ஒரு ஆள், எங்கள் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டில் இருக்கிறார் என்று.