கை சரியில்லாத மாதங்கள்

எங்கள் வீட்டில் ஆளை எடைபோடுவது கையைப் பார்த்துத்தான். ஆமத்தூருக்கு நான் மருமகளாக வந்த புதிதில், விலங்கியல் படித்தவள் என்பதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியார் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழகிரும்" என்றார்.

அவர் பட்டாசுக்கான காகிதக் குழாய்களை வீட்டிலேயே சுருட்டிக் கொடுப்பார். என் கணவருக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. கணவரின் அக்கா, என் மதினி, பயராபீசுக்குப் போவார். பட்டாசு செய்யும் இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். வீட்டுக்காரர் இறந்த பிறகு அவர் எங்களோடுதான் இருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசினால் பாதி கேலியாக இருக்கும்.

மகள் பிறந்து சில மாதங்களில் சீசன் உச்சத்துக்கு வந்தது. தீபாவளிக்கு முந்தைய அந்த நாட்களில் யாரும் சும்மா உட்காருவதில்லை. பாப்பா தூங்கும்போது நானும் மாமியாரோடு குழாய் சுருட்ட உட்கார்ந்தேன். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, உருட்டி உருவ வேண்டும். முதலில் தடுமாறினேன். பிறகு என் கைக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. சில வாரங்களிலேயே மாமியாரை முந்திவிட்டேன். குழாய் எடுக்க வந்தவரிடம் அவர் பெருமையாகச் சொன்னார்: "எம் மருமக கை இப்ப மிசினுல்ல. உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்கா."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சீசனில் வேகமாக ஓடும் கை நோயின் கை என்று எங்கள் ஊரில் யார் நினைப்பார்கள்? இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனேன். பிள்ளை பெற்றும் உடம்பு போடவில்லை, கொடுத்து வைத்தவள் என்றார்கள் உறவுக்காரப் பெண்கள். வியர்த்துக் கொட்டியது. விருதுநகர் வெயிலில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது. அதற்கு மட்டும் நானே காரணம் கண்டுபிடித்தேன். நான் சிறுவயதிலிருந்தே பயந்தவள். இப்போது பிள்ளை வேறு இருக்கிறது. பாப்பா மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் திரும்பினால், சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி பார்ப்பேன். இப்படிப்பட்டவளுக்கு நெஞ்சு அடிக்காமல் இருக்குமா?

கை நடுங்கத் தொடங்கியது எப்போது என்று தெரியாது. பால் தம்ளரை மேசையில் வைக்கும்போது கிணுகிணுவென்று சத்தம் வரும். யாரும் கேட்காதபடி துணியின் மேல் வைக்கப் பழகினேன். குழந்தையை வைத்துக்கொள்ள லாயக்கில்லாதவள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். அவளை என்னிடமிருந்து வாங்கிவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே நடுக்கம் கூடும்.

ஒருநாள் காலையில் முற்றத்தில் கால்களை நீட்டி, அதன்மேல் பாப்பாவைப் படுக்கவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். சோப்பு போட்ட உடம்பு வழுக்கியது. செம்பைத் தூக்கிய கை ஆடி, தண்ணீர் அவள் முகத்திலேயே விழுந்தது. அவள் திணறி உதறியதில் காலிலிருந்து சரிந்தாள். தரையில் தலை படுவதற்குள் இன்னொரு கை அவளை ஏந்திவிட்டது. மதினி. பயராபீஸ் வேனுக்குக் கிளம்பி, தூக்குவாளியோடு நின்றவர். தூக்குவாளி உருண்டு சோறு சிதறிக் கிடந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து மீதிக் குளியலை முடித்தார். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்து அடித்துப் போய்விட்டது. பாப்பாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் கையைப் பார்த்தார்.

"எம்புட்டு நாளா இப்படி இருக்கு?"

தூக்கமில்லை, வேலை அதிகம் என்று ஏதோ சொன்னேன்.

"காரணத்தை யாரு கேட்டா? கை சரியில்லன்னு சொல்லு. அம்புட்டுதான்."

பிறகு அவர்கள் பயராபீஸ் வழக்கத்தைச் சொன்னார். வெடிமருந்து செலுத்தும் அறைக்குள் போகும் முன், காய்ச்சலோ, வீட்டில் சண்டையோ, ராத்திரித் தூக்கமில்லையோ, கை நிதானமாக இல்லாவிட்டால், "இன்னைக்குக் கை சரியில்ல" என்று பெண்களே சொல்லிவிடுவார்களாம். ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. அன்றைக்கு அவளுக்கு மரத்தடியில் லேபிள் ஒட்டுகிற வேலை. மறுநாள் கை சரியானால் மறுபடி உள்ளே. அதில் வெட்கமும் இல்லை, கேலியும் இல்லை. எல்லோரையும் எல்லாவற்றுக்கும் கேலி செய்கிற மதினிகூட இதற்குச் செய்யமாட்டாராம். "மறைச்சு வெடிச்சா ஒருத்தியோட நிக்காது பாத்துக்க. பக்கத்துல இருக்கவளுக்கும் சேத்துத்தான்" என்றார்.

நானும் சொன்னேன். "கை சரியில்ல மதினி." சொன்னதும் அழுதுவிட்டேன்.

அன்றைக்கே என்னை விருதுநகருக்குக் கூட்டிப்போனார். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவர், தைராய்டு என்று சொல்லி மதுரைக்கு எழுதிக்கொடுத்தார். பஸ்ஸில் அந்த ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தைராய்டு ஹார்மோன் மிக அதிகம். அதைத் தூண்டும் ஹார்மோனோ ஏறக்குறைய இல்லவே இல்லை. தூண்டுவதே இல்லாதபோது சுரப்பது எப்படிக் கூடும்? ரத்தம் மாறிப்போயிருக்குமோ? நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ?

மதுரையில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் மருத்துவர். கையை நீட்டச் சொல்லி, அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். கரண்ட் இல்லை, மின்விசிறி ஓடவில்லை. தாள் மட்டும் காற்றடித்த மாதிரி படபடத்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், கண்களைப் பார்த்தார். கிரேவ்ஸ் நோய் என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் தைராய்டு சுரப்பியின்மேல் திரும்பிவிடுகிற நோய்.

எனக்கு அது கல்லூரிப் பாடத்தில் கேட்டதுபோல இருந்தது. மதினிக்கு நானே விளக்கினேன். நம் சிப்பாய்களே நம் ஊரை அடிக்கிற மாதிரி என்றேன்.

"அடிச்சா வேலை நிக்கணும்ல? கூடுதுன்னுல்ல சொல்றாக?" என்றார் மதினி.

இருவரும் மருத்துவரைப் பார்த்தோம். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. மதினி எங்கே வேலை செய்கிறார் என்று விசாரித்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இங்கே சிப்பாய்கள் சுரப்பியை அடிப்பதில்லை என்றார். கம்பெனிக்கு ஆர்டர் கொடுப்பது யார்? ஓனர். மூளைக்குக் கீழே இருக்கிற ஒரு சுரப்பிதான் அந்த ஓனர். இந்த நோயில் அந்தச் சிப்பாய்கள் ரத்தத்தில் உருவாக்குகிற ஒரு பொருள், ஓனர் குரலிலேயே பேசி, போடு போடு என்று ஆர்டர் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. தைராய்டுக்கு வித்தியாசம் தெரியாது. அது செய்து தள்ளுகிறது.

"வருசம் பூரா சீசன்" என்றார் மதினி. "சரி, அப்ப நெச ஓனரு என்ன செய்றாரு?"

"சரக்கு குவிஞ்சு கிடக்கேன்னு ஆர்டரையே நிறுத்திட்டார்."

அந்த இல்லாத ஹார்மோனின் கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது. பஸ்ஸில் என்னைக் குழப்பிய ரிப்போர்ட் ஒரு கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மாத்திரைகள் சரக்குச் செய்வதைக் குறைக்கும், பொய்க்குரல் அடங்க மாதங்கள் ஆகலாம், சிலருக்கு அடங்காமலும் போகலாம், அப்போது வேறு வழிகள் உண்டு என்றார் மருத்துவர். நோய் எதனால் வந்தது என்று கேட்டேன். சிலருக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தலைகாட்டும், நீ செய்த எதனாலும் இல்லை என்றார். படபடப்பும் பயமும்கூட இதில் கூடும் என்றார்.

நான் கேட்க வந்த கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. அதை மதினிதான் கேட்டார். "டாக்டரம்மா, இவ கையில பிள்ளையைக் குடுக்கலாமா?"

கொடுக்கலாம். பாலும் கொடுக்கலாம், அதற்குத் தகுந்த அளவில் மாத்திரை தருகிறேன், குழந்தைக்கும் இடையிடையே ரத்தம் பார்த்துக்கொள்வோம் என்றார் மருத்துவர். நடுக்கம் நிற்கும்வரை நின்றுகொண்டு தூக்க வேண்டாம், தனியாகக் குளிப்பாட்ட வேண்டாம். அவ்வளவுதான். பிள்ளையை யாரும் என்னிடமிருந்து வாங்கப்போவதில்லை என்று புரிய எனக்கு ஊர் வந்து சேரும்வரை ஆயிற்று.

மாமியாருக்கு மாத்திரை தின்கிறவள் பால் கொடுப்பதில் சம்மதமில்லை. டின் பால் வாங்கிவிடலாம் என்றார். நானும் தினம் ஒருமுறை மனம் மாறுவேன். மதினி யார் பக்கமும் பேசவில்லை. "கேட்டாச்சு, சொல்லியாச்சு. மறுபடி சந்தேகம் வந்தா மறுபடி போயி கேப்போம்" என்றார். போனோம். அதே பதிலை மருத்துவர் பொறுமையாக மறுபடி சொன்னார்.

அந்த சீசன் முழுக்க, அது முடிந்த பிறகும், மதினிதான் பாப்பாவைக் குளிப்பாட்டினார். காலை வேனை விட்டுவிட்டு, அடுத்து வரும் பஸ்ஸில் போவார். தாமதமாகப் போகிறவர்களுக்குக் கிடைக்கிற வேலைதான் அவருக்கும் கிடைத்திருக்கும். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. பெற்றவள் சும்மா நிற்க அத்தை ஏன் குளிப்பாட்டுகிறாள் என்று பக்கத்து வீட்டில் கேட்டபோது, என் முகம் சுருங்குவதற்குள் அவர் சொல்லிவிட்டார்: "அவளுக்கு இப்பக் கை சரியில்ல. சரியானதும் குளிப்பாட்டுவா." கேட்ட பெண்ணும் பயராபீசுக்குப் போகிறவள்தான். தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நான் அவ்வளவு மறைத்த விஷயம் ஒரே வாக்கியத்தில் மழை, வெயில் மாதிரி ஆகிவிட்டது. இப்படி ஒரு மரியாதையை எனக்கு வேறு யாரும் செய்ததில்லை.

மாமியார் குழாய் வேலையில் என்னை உட்காரவிடவில்லை. "அந்த வேகம் உனக்கு வேண்டாம்த்தா" என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் மருத்துவர் மறுபடி கையில் தாளை வைத்தார். தாள் படுத்தே கிடந்தது. மாத்திரை தொடரட்டும், குழந்தையை நீயே குளிப்பாட்டு என்றார்.

மறுநாள் காலை மதினி செம்பை என்னிடம் நீட்டினார். அதற்குள் பாப்பா வளர்ந்திருந்தாள், காலில் படுக்க மாட்டாள். அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வழுக்கிவிடுவாளோ, தண்ணீர் சூடோ, ரிப்போர்ட் தப்போ என்று எல்லாமே வந்தது. நோய் அடங்கினால் பயமும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். பாதி போய்விட்டது. மீதி என்னுடையதே போலிருக்கிறது.

"கை எப்படி?" என்றார் மதினி.

நீட்டிப் பார்த்தேன். நெஞ்சு அடித்தது. ஆனால் கை அசையவில்லை. "கை சரியாத்தான் இருக்கு மதினி" என்றேன். "பயமாத்தான் இருக்கு."

"பயத்துக்கெல்லாம் மரத்தடி கெடையாது" என்றார்.

தெருமுனையில் ஹாரன் அடித்தது. வேனில் இருப்பவர்கள் தன்னை மறந்தேபோயிருப்பார்கள் என்று முனகிக்கொண்டே தூக்குவாளியை எடுத்தார். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. நான் செம்பில் தண்ணீரை மொண்டு, பாப்பாவின் தலையில் மெல்ல ஊற்றினேன்.